சௌந்தரி தலையைத் தூக்கினாள்

தலையைத் தூக்கிட்டீங்க, தம்பி. அதான் பந்து அங்கேயே உக்காந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல.

கோவிச்சுக்காதீங்க. நான் வலியப் போய் யாருக்கும் யோசனை சொல்ற ஆள் கிடையாது. இந்த கோல்ஃப் கிளப்புல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. சரி, கேக்க வேண்டாம், அவங்க வேற ஏதாவது சொல்லுவாங்க. இப்படி வந்து உக்காருங்க. பனி இப்போதைக்கு விலகாது. இளமாறன்கிட்டதானே கத்துக்க வந்திருக்கீங்க? அவரு பனி விலகினாத்தான் வருவாரு. இப்பல்லாம் புதுசா யாரு வந்தாலும் அவருகிட்டதான் போறாங்க. கோயம்புத்தூர்க்காரரு, சர்டிபிகேட் எல்லாம் வாங்கினவரு, சட்டையில பேரு தைச்சிருக்கும். நல்ல மனுஷன்தான். நான் மனுஷனைக் குறை சொல்லல. சொல்லிக் குடுக்கற முறையைத்தான் சொல்றேன்.

நான் கத்துக்கிட்ட கதையைக் கேளுங்க, அப்புறம் உங்களுக்கே புரியும். என் பேரு தேவசகாயம். அந்தச் சரிவுக்குப் பின்னாடி ஒரு டீ எஸ்டேட் இருக்கு, அதுல சின்ன ஆபீசரா சேந்து மேனேஜரா ரிட்டயர் ஆனேன். சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். கோத்தகிரிக்கு வந்து சேர்ற வரைக்கும் கோல்ஃப்னா என்னன்னே தெரியாது. அப்ப எங்களுக்கு மேனேஜரா இருந்தவரு குஷாலப்பானு ஒரு குடகுக்காரர். ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்தவனைக் கூப்பிட்டு, கையில மட்டையைக் குடுத்து, அடின்னாரு. அடிச்சேன். பந்து நகரல. எதிர்ல வந்து நின்னாரு. அவரு மட்டையோட பிடியை என் நெத்தியில வெச்சு அழுத்திக்கிட்டு, இப்ப அடின்னாரு. தலை ஒரு நூல் அசைஞ்சாலும் குத்தும். அப்படித்தான் கத்துக்கிட்டேன். தலை அசையக் கூடாது, இடது கை மடங்கக் கூடாது, குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. பந்து போன பிறகும் அது இருந்த இடத்தையே பாத்துட்டு நிக்கணும். முழு கோல்ஃபும் இதுக்குள்ள அடக்கம், தம்பி. மத்ததெல்லாம் பேச்சு.

குஷாலப்பா கடைசி காலத்துல கழுத்துல பட்டை போட்டுக்கிட்டேதான் இருந்தாரு. யாராவது கூப்பிட்டா உடம்போட சேந்து திரும்புவாரு. அது வேற விஷயம். மலை ரோட்டுல ஜீப்பு ஓட்டினவங்க எல்லாருக்கும் கழுத்து போகும். எனக்கு முதுகு போச்சு. இந்த பெல்ட்டைத் தொட்டுப் பாருங்க, பலகை மாதிரி இருக்கும். இதுவும் ஜீப்பாலதான் வந்தது.

சௌந்தரி கதையை ஆரம்பிச்சேனே, விட்டுட்டேனா? ஆரம்பிக்கவே இல்லையா? சரி. சௌந்தரி என் சம்சாரம். இங்கேயே ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து, ஹெட்மிஸ்ட்ரஸா ரிட்டயர் ஆனவ. பையன் கனடாவுல, பொண்ணு மஸ்கட்ல. போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்சு, வந்திருந்த பிள்ளைங்க எல்லாம் திரும்பிப் போன மறுநாள், காலையில காப்பியை வெச்சுட்டு, எனக்கும் கோல்ஃப் சொல்லிக் குடுங்களேன்னு கேட்டா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கல்யாணம் ஆனதுலேருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் இங்க, அவ வீட்டுல. இனிமே ரெண்டு பேரும் சேந்து வரலாம். அன்னைக்கே குன்னூர் போய் அவ கைக்கு அளவா கையுறை வாங்கிட்டு வந்தேன். ஷூவை நானே லேஸ் கட்டி விட்டேன். இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க.

சொல்லிக் குடுத்தேன். எனக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தாங்களோ அப்படியே. எதிர்ல நின்னு, மட்டைப் பிடியை அவ நெத்தியில வெச்சேன். அழுத்தல, சும்மா தொட்டுக்கிட்டிருந்த மாதிரிதான். முதல் நாள் சிரிச்சா. என்னங்க இது, மாடு முட்டற மாதிரி இருக்குன்னா. அப்புறம் சிரிக்கல. இடது கை மடங்கிக்கிட்டே இருந்துச்சு. கணக்கு டீச்சர்தானே, அவளோட பெரிய மரஸ்கேலையே எடுத்து, முழங்கையோட சேத்து என் மஃப்ளரால கட்டி விட்டேன். கை மடங்கறது நின்னுச்சு. பந்து போகல, ஆனா கை மடங்கல.

அவ அடிக்கற பந்து எல்லாம் உச்சந்தலையில அடி வாங்கி, புல்லுக்குள்ள ஓடி நிக்கும். தலையைத் தூக்கிட்டியேம்பேன். தூக்கலையேம்பா. தூக்காம இருந்தா பந்து போயிருக்கணுமேம்பேன். கணக்குல நூத்துக்கு நூறு வாங்க வெச்சவ, இந்த ஒரு கணக்குக்குப் பதில் இல்லாம நிப்பா. மே மாசம் பூரா இதே. மழை ஆரம்பிச்சும் இதே. ராத்திரி கழுத்து வலிக்குதுன்னு தைலம் தேச்சுக்கிட்டா. புதுசா கத்துக்கறவங்களுக்கு வலிக்கணும், வலிச்சாத்தான் ஏறுதுன்னு அர்த்தம்னு சொன்னேன். ஒரு நாள், தலை, கை, குதிகால் எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுட்டா எதைக் கொண்டு அடிக்கறதுன்னு கேட்டா. கேள்வி கேக்கற புத்தி வாத்தியார்மாருக்குப் போகாது.

ஜூலையில எங்க பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்கு நான் நாகர்கோவில் போனேன். அவ கழுத்து வலியோட அவ்வளவு தூரம் பஸ்ஸுல வர முடியாதுன்னு இருந்துட்டா. போன இடத்துல காய்ச்சல் வந்து கொஞ்ச நாள் தங்கும்படியா ஆயிடுச்சு. திரும்பி வந்து கிளப்புக்குள்ள காலை வைக்கிறேன், கர்னல் வைத்தீஸ்வரன் எதிர்ல வர்றாரு. பட்டாளத்துல இருந்தவரு, எதையும் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுவாரு. உங்க வீட்டம்மா பந்தை என்ன அழகா தூக்கி அடிக்கறாங்கன்னாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன். பதிலுக்கு அவரு சம்சாரம் பங்கஜம் சௌக்கியமான்னு விசாரிச்சுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில, மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு சௌந்தரி கிளம்பினா. நான் பின்னாடியே வந்தேன். ஒளிஞ்சு பாக்கணும்னு இல்ல. அந்தக் கற்பூர மரம் அங்க இருந்துச்சு, நான் அதுக்குப் பின்னாடி இருந்தேன், அவ்வளவுதான். இதே இடத்துலதான் அவ நின்னுக்கிட்டிருந்தா. பக்கத்துல இளமாறன், கையைக் கட்டிக்கிட்டு. அவ ரெண்டு காலையும் சேத்து வெச்சு, கண்ணை மூடிக்கிட்டு மட்டையை வீசறா. கண்ணை மூடிக்கிட்டு, தம்பி. அப்புறம் காலை அகட்டி நின்னு நெசமாவே அடிச்சா. குதிகால் எழும்புது. கை மடங்குது. தலை உடம்போட சேந்து திரும்புது. நான் எதையெல்லாம் கூடாதுன்னு சொன்னேனோ, ஒண்ணு பாக்கியில்லாம செஞ்சா. செஞ்சுட்டு, முகத்தை அண்ணாந்து, பந்து போற திசையைப் பாத்து, வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறா. சிரிக்கறா.

எனக்குப் பொறுக்கல. வெளிய வந்து, இளமாறன்கிட்டதான் பேசினேன், அவகிட்ட பேசல. இதெல்லாம் என்ன சார், அடிப்படையையே இடிச்சுட்டீங்களேன்னு கேட்டேன். தலையை நிறுத்தறதுன்னா ஆணி அடிச்சு நிறுத்தறது இல்லன்னாரு. உடம்பு திரும்பறப்ப தலை கொஞ்சம் போகத்தான் செய்யும், போகாம பிடிச்சா கழுத்துலயும் முதுகுலயும்தான் போய் நிக்கும்னாரு. என் பெல்ட்டை ஒரு தடவை பாத்தாரு. நான் குஷாலப்பாவைப் பத்திச் சொன்னேன். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரின்னாரு. அப்ப ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு கோல்ஃபான்னு கேட்டேன். ஆமாம்னாரு. எப்படிப் பேசறது இப்படிப்பட்ட ஆளுகிட்ட?

அப்புறம்தான் அதைச் சொன்னாரு. "சார், அம்மா டிஸ்கஸ் வீசினவங்க. அந்த இடுப்புக்குத் திரும்பத் தெரியும். நான் ஒண்ணும் புதுசா சொல்லிக் குடுக்கல, குறுக்க நிக்காம இருக்கேன்."

டிஸ்கஸ். வட்டமா இருக்குமே, இரும்பு விளிம்பு வெச்சு, சுத்திச் சுத்தி வீசுவாங்களே, அது. நான் சௌந்தரியைத் திரும்பிப் பாத்தேன். அவ கையுறையைக் கழட்டிக்கிட்டிருந்தா.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பாளையங்கோட்டையில காலேஜ் படிச்சப்ப வீசினாளாம். யுனிவர்சிட்டி அளவுல போய் கப்பு வாங்கினாளாம். கல்யாணம் பேசி முடிச்சப்ப நிறுத்தினது. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா, எங்கேயோ இருந்து வந்தவனுக்கு முதல் நாளே சொல்லியிருக்கா. அதைத்தான் கேட்டேன். ஏன் என்கிட்ட சொல்லலன்னு.

"அவரு கேட்டாரு," ன்னா.

அவ அம்மா வீட்டு முன்கூடத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்கும். பாவாடை தாவணியில, கப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அதுக்குக் கீழ உக்காந்துதான் நான் பஜ்ஜி சாப்பிட்டேன். பேச்சுப் போட்டியில வாங்கினதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன். டீச்சருக்குப் படிக்கற பொண்ணு, வேற எதுல கப்பு வாங்கும்? நீங்களா இருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?

இதை இப்படியே விட்டுட முடியாது. என் வீட்டு விஷயம்னு இல்ல, நாளைக்கு இந்த கிளப்புல சேர்ற ஒவ்வொருத்தரும் தலையைத் தூக்கிக்கிட்டு அலைவாங்க. கமிட்டி கூடினப்ப எழுந்து நின்னு பேசினேன். அடிப்படையை மாத்தறதுக்கு ஒரு தனி ஆளுக்கு அதிகாரம் இல்ல, புதுசா வர்றவங்களுக்கு இந்த கிளப்புல காலங்காலமா சொல்லிக் குடுத்த முறையிலதான் சொல்லிக் குடுக்கணும்னேன். சில பேரு மேசையைத் தட்டினாங்க. எல்லாரும் என் வயசுக்காரங்க. உடனே எதிர்த் தரப்பு கிளம்பிச்சு. இடது கை மடங்கலாமா கூடாதாங்கறதுல கமிட்டியில இருக்கற ரெண்டு டாக்டர்ங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. கடைசியில கர்னல் எழுந்து, தேவசகாயம், உங்க ஹேண்டிகேப் இப்ப என்னன்னு கேட்டாரு. ஹேண்டிகேப்புங்கறது நம்ம ஆட்டத்துக்கு கிளப்பு போடற மார்க்கு, தம்பி. அது ஏற ஏற ஆட்டம் இறங்குதுன்னு அர்த்தம். என்னுது ஏறித்தான் இருந்துச்சு. புல்லை ஒழுங்கா வெட்டறது கிடையாது, எப்படி ஏறாம இருக்கும்? அதைச் சொல்றதுக்குள்ள டீ கொண்டு வந்துட்டாங்க. கூட்டம் முடிஞ்சுபோச்சு.

சௌந்தரி தினமும் காலையில மட்டையை எடுத்துக்கிட்டு கிளம்பினா. மார்க்கெட்டுனு இப்ப சொல்றதில்ல. நேரா, இளமாறன்கிட்ட போறேன், இட்லி ஹாட்பேக்ல இருக்குன்னு சொல்லிட்டுப் போவா.

நவம்பர்ல இங்க புருஷன் பொண்டாட்டி சேந்து ஆடற போட்டி ஒண்ணு நடக்கும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பந்து. ஒரு அடி இவரு, அடுத்த அடி அவங்க, மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டே குழி வரைக்கும் போகணும். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியையும் மாத்தி மாத்தித்தான் அடிக்கணும். ஒருத்தருக்கு ஒத்தைப்படை, ஒருத்தருக்கு ரெட்டைப்படை. கல்யாணம் தாங்குமான்னு பாக்கறதுக்கே வெச்ச போட்டின்னு எல்லாரும் சிரிப்பாங்க. நான் பேரு குடுக்க வேண்டாம்னு இருந்தேன். அவ போய்க் குடுத்துட்டு வந்துட்டா. வந்து, ஒரு நிபந்தனைன்னா. ஆட்டம் முடியற வரைக்கும் அவளுக்கு எப்படி அடிக்கணும்னு நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சரின்னேன். அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. ரெட்டைப்படைக் குழிக்கு முதல் அடி எனக்குன்னா.

இதுல ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லணும். இங்க பதினாலாவது குழிக்கு முதல் அடி ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகணும். கீழ சோலைக்காடு, விழுந்த பந்து விழுந்ததுதான். பயந்தவங்களுக்கு இடது கைப் பக்கம் ஒரு சின்னத் திட்டு இருக்கு, அதுல போட்டுட்டு மெதுவா சுத்திப் போகலாம். அதனால எந்த ஜோடியும் ரெட்டைப்படையை ஆம்பளைக்குத்தான் வைப்பாங்க. எழுதி வைக்கல, வழக்கம். யோசிச்சுத்தான் சொல்றியான்னு கேட்டேன். மட்டையைத் துடைச்சுக்கிட்டே தலையை ஆட்டினா.

அன்னைக்கு எங்க கூட கர்னலும் பங்கஜமும்தான். நான் வாக்கு மீறல. ஒரு வார்த்தை பேசல. அவ தலையைத் தூக்கறப்ப எனக்கு இருமல் வந்துச்சு, அது என் கையில இல்ல. முதல் குழியிலேருந்தே வந்துச்சு. அவ மட்டையைப் பின்னாடி கொண்டு போறப்ப ஒண்ணு, குதிகால் எழும்பறப்ப ஒண்ணு. பங்கஜம் இரக்கப்பட்ட பொம்பளை, ஒண்ணு கரைய ஒண்ணுன்னு கைப்பையிலேருந்து இருமல் மிட்டாயை எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? வாயில போட்டா இரும முடியல. கர்னல் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு தொப்பியைச் சரி பண்ணினாரு.

ஆட்டம் எப்படிப் போச்சுன்னு கேட்டீங்கன்னா, சுமாராப் போச்சு. அவ அடிச்சதை நான் எங்கேயாவது கொண்டு போய் விடுவேன், அவ அங்கேருந்து எடுத்துட்டு வருவா. காடு, மணல், ஒரு தடவை மாட்டுச் சாணிக்குப் பக்கத்துலேருந்து. முகத்தைச் சுளிக்கல. நான் அடிச்சு முடிச்ச உடனே மட்டையை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுடுவா, எங்க போகும்னு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி.

பதினாலுக்கு வந்தோம். பள்ளத்துலேருந்து காத்து மேல ஏறி வந்துக்கிட்டிருந்துச்சு. கர்னல் முதல்ல அடிச்சாரு. அவரே இடது பக்கத் திட்டுலதான் போட்டாரு. பட்டாளக்காரரே அப்படின்னா பாத்துக்கோங்க. அப்புறம் சௌந்தரி போய் நின்னா. நான் வாயைத் திறக்கல. கையால மட்டும் இடது பக்கத்தைக் காட்டினேன். கை வார்த்தையில சேராது. அவ என் கையைப் பாத்தா. அப்புறம் அந்தப் பக்கத்து மேட்டைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. தோளை ஒரு குலுக்குக் குலுக்கிட்டு, நின்னு, அடிச்சா.

அந்தச் சத்தம் நல்ல சத்தம்தான். அதை நான் மறுக்கல. பங்கஜம் கையைத் தட்டினா. கர்னல் தொப்பியைக் கழட்டிட்டாரு. மூணு பேரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. எங்க போச்சு, எங்கன்னு கேக்கறேன்.

நான் பாக்கல, தம்பி. நான் அவ தலையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். தலை தூக்கிடுச்சு. தெளிவா, முழுசா, தாடை வானத்தைப் பாக்கற அளவுக்குத் தூக்கிடுச்சு. அதுக்கு நான் சாட்சி. பந்து போனதுக்குத்தான் நான் சாட்சி இல்ல.

கீழ இறங்கி, மரப்பாலம் தாண்டி, மேல ஏறிப் போனோம். பந்து அந்தப் பக்கத்துப் புல்வெளியில நட்ட நடுவுல உக்காந்திருந்துச்சு. நான் நல்லா ஆடின காலத்துலகூட அந்த இடத்துலேருந்து ரெண்டாவது அடி அடிச்சது கிடையாது. அடுத்த அடி என்னுது. முன்னாடி ஒரு ஓடை, ஓடையைத் தாண்டினா குழி. சின்ன அடி போதும். நிதானமா நின்னேன். தலையை நிறுத்தினேன். இடது கையைக் கம்பி மாதிரி நீட்டினேன். குதிகாலை ஊனிக்கிட்டேன். குஷாலப்பா எதிர்ல நின்னு நெத்தியில பிடியை வெச்ச மாதிரியே இருந்துச்சு. அடிச்சேன். அடிச்ச பிறகும் பந்து இருந்த இடத்தையே பாத்துக்கிட்டு நின்னேன், நெறைய நேரம். தண்ணியில ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு.

நிமிந்து பாத்தப்ப கர்னல் சிரிச்சுக்கிட்டிருந்தாரு. "என்ன தேவசகாயம், தலையைத் தூக்கிட்டீங்களா?"

இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். பங்கஜம் குடுத்த மிட்டாய் ஒண்ணு வாயில இருந்துச்சு. அதுக்குள்ள சௌந்தரி சொன்னா.

"இல்ல கர்னல். அவர் தலை அசையவே இல்ல. நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். துளிகூட அசையல."

கேட்டீங்களா? எல்லார் முன்னாடியும் சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆயிரம் இருந்தாலும் கட்டினவ, விட்டுக் குடுக்கல பாத்தீங்களா. கர்னல் அதுக்கப்புறம் சிரிக்கல. ஒரு மாதிரியா தரையைப் பாத்துக்கிட்டு நடந்தாரு. பந்து ஏன் ஓடையில விழுந்துச்சுன்னு நீங்க கேக்கலாம். தரை ஈரம். நவம்பர்ல தரை ஈரமாத்தான் இருக்கும்.

நாங்க ஜெயிக்கல. ஜெயிச்சிருக்கலாம்னு சாயங்காலம் டீ குடிக்கறப்ப பேசிக்கிட்டாங்க. யாரால போச்சுன்னு யாரும் சொல்லல, நாகரிகமானவங்க. சௌந்தரியைச் சுத்தி ஒரே பொம்பளைங்க கூட்டம், கிளப்புல இருக்கற டாக்டரம்மாவும் வந்து அந்தப் பள்ளத்தாக்கு அடியைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தாங்க. நான் கார்ல போய் உக்காந்துக்கிட்டேன்.

வீட்டுக்குப் போற வழியில நான்தான் ஓட்டினேன். போட்டி முடிஞ்சுபோச்சு, நிபந்தனையும் முடிஞ்சுபோச்சு. அதனால கேட்டேன். மத்ததெல்லாம் இருக்கட்டும், அந்தப் பதினாலாவது குழியில நீ தலையைத் தூக்கினியா இல்லையா? அவளோட கையுறையை மடியில வெச்சு விரல் விரலா நீவிக்கிட்டிருந்தா.

"தூக்கினேன்," ன்னா. "நான் அடிச்சது எங்க போய் விழுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு. ஈஸ்டர்லேருந்து நீங்க எனக்குக் காட்டினது புல்லு மட்டும்தாங்க." கார் கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டா. குளிர் உள்ள வந்துச்சு. "இனிமேலும் தூக்கத்தான் போறேன்."

இப்ப சொல்லுங்க. என் தலை அசையலன்னு அவளே சொன்னா. அவ தலையைத் தூக்கினான்னும் அவளே சொன்னா. ரெண்டுமே அவ வாயாலயே வந்தாச்சு. இதுக்கு மேல என்ன நிரூபிக்கணும் நான்? இளமாறன்கிட்டயும் இதை அப்படியே சொன்னேன். முழுசாக் கேட்டாரு, மறுத்து ஒரு வார்த்தை பேசல. பேச என்ன இருக்கு?

அதுலேருந்து நாங்க சேந்து ஆடறதில்ல. சண்டை எல்லாம் ஒண்ணும் கிடையாது. அவ செவ்வாய்க்கிழமை பொம்பளைங்க கூட ஆடறா, நான் ஞாயித்துக்கிழமை என் ஆளுங்க கூட. போன மாசம் முதுகு கொஞ்சம் அதிகமாயிடுச்சு, இப்ப ஞாயிறும் இல்ல. டாக்டர் இடுப்பைத் திருப்பவே கூடாதுன்னுட்டாரு. இப்ப கார் அவதான் ஓட்டறா. செவ்வாய்க்கிழமை என்னையும் கூட்டிட்டு வந்து, இந்த பெஞ்சுல விட்டுட்டு, சுக்குக் காப்பி ஃப்ளாஸ்க்கைப் பக்கத்துல வெச்சுட்டுப் போவா. வீட்டுலயே இருந்துக்கலாம்தான். வீட்டுல உக்காந்து என்ன செய்ய? இங்கன்னா புதுசா வர்ற உங்களை மாதிரி நாலு பேருக்கு நல்லது சொல்லலாம்.

அதோ, பனி கிழியுது. இளமாறனும் வர்றாரு பாருங்க, பந்துக் கூடையைத் தூக்கிக்கிட்டு. போங்க, போய்க் கத்துக்கோங்க. அவரு தலையை விடச் சொல்லுவாரு, கையை விடச் சொல்லுவாரு, எல்லாத்தையும் விடச் சொல்லுவாரு. நீங்க உங்க இஷ்டம்போல செய்ங்க. பந்து நல்லா போனாக்கூட என்கிட்ட வந்து சொல்லாதீங்க, நான் மாற மாட்டேன்.

இருங்க, இருங்க. ஒரு நிமிஷம். அந்தப் பக்கம் பாருங்க, பள்ளத்துக்கு மேல அந்த மேடு தெரியுதா? அதுதான் பதினாலு. நாலு பொம்பளைங்க நிக்கறாங்களா? இன்னைக்குச் செவ்வாய்தானே, நடுவுல பனி இறங்கினதால அங்கேயே நின்னிருப்பாங்க. நீலத் தொப்பி போட்டிருக்கறது சௌந்தரி. இப்ப அவ முறைதான், மத்தவங்க ஒதுங்கி நிக்கறாங்க பாருங்க. இளமாறன் காத்திருப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உக்காருங்க.

எனக்கு ஒரு உதவி செய்ங்க, தம்பி. அவ தலையை நான் பாத்துக்கறேன். அதை நான்தான் பாக்கணும். பந்து எங்க போய் விழுதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.